கற்றல் தளத்தில் உள்நுழைய முடியாதபோது

கொழும்பில் மாலை வகுப்புக்காக மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தைத் திறக்கும் மாணவர், கடவுச்சொல் தவறு என்ற செய்தியைக் கண்டதும் அதையே திரும்பத் திரும்பத் தட்டச்சிடக் கூடாது. தொடர்ந்து தவறினால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படக்கூடும். விசைப்பலகை தமிழிலோ சிங்களத்திலோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

'உள்நுழைவு டோக்கன் செல்லாது' என்று வந்தால் கடவுச்சொல்லைக் குறைகூற வேண்டியதில்லை. நெடுநேரம் திறந்து கிடந்த பக்கத்திலிருந்து நுழைய முயன்றாலோ, உலாவி குக்கீகளை (தளம் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகளை) மறுத்தாலோ இவ்வாறு நேரும். அத்தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்து, முகவரியைப் புதிதாகத் திறங்கள்.

கடவுச்சொல்லோடு கூடுதல் பாதுகாப்புக்காகக் கேட்கப்படும், கைப்பேசிச் செயலி தரும் ஆறிலக்கக் குறியீடு மறுக்கப்படும்போதுதான் பலர் காரணம் புரியாமல் தவிக்கிறார்கள். அக்குறியீடு பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை கைப்பேசியின் கடிகாரத்தைக் கொண்டே கணிக்கப்படுவதால், நேர வலயம் வேறொரு நாட்டினதாக இருக்க, கடிகாரத்தை மட்டும் கையால் இலங்கை நேரத்துக்கு மாற்றியிருந்தால் குறியீடு பொருந்தவே பொருந்தாது. வெளிநாட்டு உறவினர் கொடுத்த கைப்பேசியென்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள்: தானியங்கி நேரத்தை இயக்கி, வலயம் கொழும்பு, +5:30 எனக் காட்டுவதை உறுதிசெய்யுங்கள்.

கடவுச்சொல் மீட்பு இணைப்பு மூடிலின் இயல்பான அமைப்பில் 30 நிமிடங்களே செல்லும் என்பதால், மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் உடனே பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பிழைச்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் நேரத்தையும் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புங்கள். கடவுச்சொல்லை அனுப்ப வேண்டாம்.