சூட்டில் நிற்கும் வண்டியை ஆறவிட்டுச் சோதிக்காதீர்கள்

என் பட்டறையில் வேலை பழகும் தம்பி சென்ற வாரம் ஒரு பழைய காரின் பெட்ரோல் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "ஓடும்போது நின்றுவிடுகிறதாம் அண்ணா, பம்பாகத்தான் இருக்கும்" என்றான். அந்தத் 'தான்' என் காதில் சுருக்கென்று தைத்தது. 25 ஆண்டுகளுக்கு முன் இதே மலேசியச் சுங்கை சிப்புட்டில் நானும் அப்படிச் சொல்லி ஒரு பெரியவரின் காசைக் கரைத்திருக்கிறேன்.

பெட்ரோல் தீர்ந்ததா, பேட்டரி முனை இறுக்கமா என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஓடும்போது நிற்கும் வண்டியில் நாம் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

ஆறிய எஞ்சினைச் சோதிப்பது

அந்தப் பெரியவர் தோட்டத்துக் கிராணியாராக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். லிந்தாங் சாலையில் அரை மணி ஓடினால் அவருடைய கார் நின்றுவிடும். இருபது நிமிடம் ஓரம் கட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். நான் மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில் தீப்பொறி பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்படியானால் பம்பு என்று முடிவு கட்டி மாற்றினேன்: 260 வெள்ளி (ரிங்கிட்). பத்து நாளில் திரும்பி வந்தார். இக்னிஷன் காயில், 120. பிறகு பிளக்கும் வயர்களும், 90. ஒவ்வொரு முறையும் "இனி நிற்காது ஐயா" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்து நின்றது ஒரு வளைவில். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும். பவர் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். எப்படியோ புல்தரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். பட்டறைக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, அடுத்து எதை மாற்ற வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பம்புக்குப் போகும் மின்கம்பியிலிருந்து ஒரு வயர் இழுத்து, 12 வோல்ட் சிறு பல்பை முன்பலகையில் ஒட்டினேன். அவர் ஓட்ட, நான் பல்பையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தேன். நாற்பதாவது நிமிடம் பல்பு அணைந்தது. அதற்குப் பிறகே எஞ்சின் திணறி நின்றது. இந்த வரிசை முக்கியம். இஞ்செக்‌ஷன் வண்டிகளில் எஞ்சின் நின்ற ஓரிரு நொடியில் கணினியே பம்பை நிறுத்திவிடும். ஆகவே எஞ்சின் முதலில் நின்று பல்பு பிறகு அணைந்தால் பம்பின் மின்வழியைக் குற்றம் சொல்ல முடியாது. பல்பு முந்திக்கொண்டால் மின்சாரம் வரும் வழியில்தான் கோளாறு.

பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான மெயின் ரிலேயின் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓர் இணைப்புக் காலைச் சுற்றி, ஈயப்பற்றில் மயிரிழை அகலத்தில் வட்டமாக ஒரு விரிசல். சூடேறினால் தொடர்பு அறும், ஆறினால் மீண்டும் தொடும். ஈயம் வைக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்கு முன் 470 வெள்ளி போயிருந்தது.

காயில், கிராங்க் சென்சார், இக்னிஷன் மாட்யூல், ரிலே ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆறிய பிறகு மீட்டர் வைத்தால் பழுதானதும் நல்லதாகவே காட்டும். வண்டி நின்ற முதல் சில நிமிடங்களில், சூடு இருக்கும்போதே, தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். அதற்காக ஒரு பழைய பிளக்கை வண்டியிலேயே வைத்திருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் தீப்பொறிச் சோதனை வேண்டாம். கார்பரேட்டர் வண்டி என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து, எஞ்சின் ஓடாத நிலையில் திராட்டிலை இழுத்துப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும்.

நின்றவுடன் சாவியைத் திருகுவது

ஓரமாக, பத்திரமாக நின்றுவிட்டீர்களா? சோதனைக்குத் தயாராகும் முன் திருகாதீர்கள். கிளம்பிவிட்டால் தடயம் போய்விடும்.

ஆர்பிஎம் முள்ளைக் கவனிக்காதது

கியரில் உருளும்போதே எஞ்சின் அடங்கி, அதன் சுற்று வேகத்தைக் காட்டும் இந்த முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் பக்கம் தேடுங்கள். சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம்.

டாங்கி மூடி

நின்றதும் திறந்து பாருங்கள். காற்றை உஸ்ஸென்று உள்ளே இழுத்தால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

எர்த் வயரைக் கண்ணால் மட்டும் பார்ப்பது

வெளியே பளபளக்கும் வயரின் உள்ளே பச்சை பூத்திருக்கும். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வயரை மாற்றுங்கள்.

தம்பியிடம் பம்பைத் திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டேன். வண்டியின் சொந்தக்காரர் ஓட்ட, அவன் பல்பைப் பார்த்தபடி மூன்று நாளாக நண்பகல் வெயிலில் லிந்தாங் சாலையில் போய் வருகிறான். இன்னும் நிற்கவில்லை.