முதல் ஹாஃப் மாரத்தான்: எந்த நேரத்தைக் குறிவைப்பது, எந்த ஷூவை வாங்குவது

ஜனவரி தொடக்கத்தில் வரும் சென்னை மாரத்தானின் ஹாஃப் பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மறுநாளே ஷூ கடைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய பேர். அந்த வரிசையை மாற்றுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. இன்றைக்கு உங்களால் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓட முடிகிறது என்று முதலில் பாருங்கள். அதிலிருந்து இலக்கை எடுங்கள், இலக்குக்கு ஏற்ற மாதிரி வாரத்தைத் திட்டமிடுங்கள், அப்புறம் ஷூ. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த வேகம், எந்தத் தரை என்று தெரியாமல் வாங்கும் ஷூ, கடைக்காரருக்குப் பிடித்த ஷூவாக இருக்குமே தவிர உங்களுக்கு வேண்டியதாக இருக்காது.

இலக்கு என்றதும் பெரும்பாலானோர் சொல்வது 2 மணி நேரம். எண் அழகாக இருக்கிறது, குழுவில் யாரோ ஒருவர் அந்த நேரத்தில் முடித்திருப்பார், அதனால் நமக்கும் ஆசை வருகிறது. ஆனால் 21.1 கிலோமீட்டரை 2 மணி நேரத்தில் முடிக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 நொடியில் ஓட வேண்டும், அதுவும் நிற்காமல், கடைசி வரை. 10 கிலோமீட்டரையே 60 நிமிடத்தில் முடிப்பவரால் இது ஆகாது. அவர் முயற்சி செய்தால் 14வது கிலோமீட்டரிலோ 15வதிலோ கால் கனத்துப்போய் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

நேரத்தைக் கணிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரம் அது, இன்று இணையத்தில் கிடைக்கும் பல கணிப்பான்களுக்கும் அடிப்படை அதுதான். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகும், அந்தக் கூடுதலை அவர் 1.06 என்ற அடுக்கில் அடக்கினார். கணக்குப் போட விருப்பமில்லையா, இதை மட்டும் நினைவில் வையுங்கள்: முழு முயற்சியோடு ஓடிய 10 கிலோமீட்டர் நேரத்தை 2.2ஆல் பெருக்கினால் ஹாஃப் நேரம், 4.6ஆல் பெருக்கினால் ஃபுல் நேரம். 60 நிமிடக்காரருக்கு ஹாஃப் சுமார் 2 மணி 12 நிமிடம், 68 நிமிடக்காரருக்கு 2 மணி 30 நிமிடம். இது லாங் ரன்களை, அதாவது வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட ஓட்டங்களை, ஒழுங்காகச் செய்தவர்களுக்கான கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம். ஃபுல் மாரத்தானுக்கு இந்த 4.6ஐ நம்பி இறங்காதீர்கள், வாரத்துக்கு 30, 35 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவருக்கு அது பெரும்பாலும் பொய்த்துப்போகும், போட்டியில் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது.

ஆகவே போட்டிக்கு 10 வாரம் இருக்கும்போது ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு விடியற்காலையில் தனியாகவே முழு முயற்சியோடு ஓடிப் பாருங்கள். அந்த எண் எதுவானாலும் அதை மதியுங்கள். அது உங்கள் தரத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அடுத்த 10 வாரத்துக்கான தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான்.

அப்புறம் நம் ஊர் வெக்கை. டெல்லியில் குளிர்காலத்தில் ஓடியவரின் நேரத்தைப் பார்த்து சென்னைக்காரர் மனம் தளரவே கூடாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் அதே வேகத்துக்கு நாடித் துடிப்பு ஏறிவிடுகிறது. செப்டம்பரில் பெசன்ட் நகரில் ஓடும்போது கிலோமீட்டருக்கு 20, 30 நொடி மெதுவாக வந்தால் கவலைப்படாதீர்கள், கடிகாரத்தைவிட மூச்சை நம்புங்கள். வெக்கையில் தொடர்ந்து ஓடினால் சுமார் இரண்டு வாரத்தில் உடம்பே பழகிக்கொள்ளும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும். ஜனவரி விடியலில் அதன் பலன் தெரியும்.

இலக்கை ஒன்றாக வைக்காமல் மூன்றாக வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லாம் கூடி வந்த நாளுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று, வயிறு கலங்கினாலும் தூக்கம் கெட்டாலும் எட்டக்கூடியது ஒன்று. 68 நிமிடக்காரர் 2:26, 2:30, 2:40 என்று வைக்கலாம். முதல் போட்டியாக இருந்தால் மூன்றாவது இலக்கு, கட்-ஆஃப் நேரத்துக்குள், அதாவது போட்டி நடத்துபவர்கள் வைக்கும் கடைசி நேரத்துக்குள், காயமில்லாமல் முடிப்பது. ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறவர், அது கைநழுவுகிறது என்று 12வது கிலோமீட்டரில் தெரிந்ததும் மனசால் விழுந்துவிடுகிறார். மீதி 9 கிலோமீட்டருக்கு அவரிடம் பிடிமானம் எதுவும் இருப்பதில்லை.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாரத்துக்கு 4 நாள் போதும். இரண்டு நாள் ஈஸி ரன், ஒரு நாள் வேகமானது, ஞாயிறு லாங் ரன். ஈஸி என்றால் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிய வேண்டும், வாக்கியம் பாதியில் உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். லாங் ரன்னை 8 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல 18 வரை கொண்டுபோகலாம், மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்குங்கள், கடைசி இரண்டு வாரத்தில் தூரத்தை நன்றாகக் குறையுங்கள். எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. அது ஈஸி ரன்னின் பலனையும் தராது, வேக ஓட்டத்தின் பலனையும் தராது, அலுப்பை மட்டும் சேர்க்கும்.

போட்டி நாளில் கைக்கடிகாரம் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். பாதை 21.1 கிலோமீட்டர்தான், ஆனால் கூட்டத்தில் விலகி விலகி ஓடி, திருப்பங்களில் வெளிப்பக்கமாகப் போய், தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, கடைசியில் கடிகாரம் 21.3 அல்லது 21.4 காட்டும். 2:30க்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி (7:06) போதும் என்று காகிதத்தில் வரும், கடிகாரத்தில் 7:06 வைத்து ஓடினால் 2:30ஐத் தாண்டிவிடுவீர்கள். அதனால் கடிகாரப்படி முதல் 5 கிலோமீட்டர் 7:10, அடுத்த 11 கிலோமீட்டர் 7:00, மீதியை 6:55 என்று வைத்தால் 2 மணி 30 நிமிடத்தை ஒட்டி முடியும். முதல் 5 கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

இனி ஷூ.

கடையில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, பாதம் உள்பக்கம் சாய்கிறது, அதனால் இந்த ரகம்தான் போட வேண்டும் என்பார்கள். ஈரப் பாதத்தைக் காகிதத்தில் பதித்து வளைவைப் பார்ப்பதும் இதே வகைதான். அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பாத வளைவுக்கு ஏற்ற ஷூ கொடுத்த குழுவுக்கும், எல்லோருக்கும் ஒரே ரகம் கொடுத்த குழுவுக்கும் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் ஓட்டத்தின் இயக்கவியலை ஆராய்ந்த பென்னோ நிக், 2015இல் எழுதிய கட்டுரையில் சௌகரியத்தையே அளவுகோலாக முன்வைத்தார். போட்டு ஓடும்போது எது இயல்பாக, உறுத்தாமல் இருக்கிறதோ அதுவே உங்கள் ஷூ. ஏற்கெனவே காயமோ, எலும்பு மருத்துவர் சொன்ன காரணமோ இருந்தால் அது வேறு விஷயம், அவர் பேச்சைக் கேளுங்கள்.

கடைக்கு மாலையில் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள், அதுவும் பருத்தி சாக்ஸாக இல்லாமல் வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழைச் சாக்ஸாக இருக்கட்டும், பருத்தி நனைந்ததும் கொப்புளம் நிச்சயம். நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அரிது, பெரிய காலுக்கு ஏற்றதை வாங்குங்கள். ஆபீஸ் ஷூ 8 என்றால் ஓடும் ஷூ 8.5 அல்லது 9 ஆகலாம், பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பெட்டியில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவைப் பார்ப்பது இன்னும் நல்லது. அளவு போதாத ஷூவில் லாங் ரன் ஓடினால் கால் நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்றுவிடும்.

அகலத்தை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். செருப்பு போட்டே வளர்ந்த பலருக்கு விரல் பகுதி விரிந்திருக்கும். ஆண்களுக்கான வழக்கமான அகலம் டி, அதற்கு மேல் 2ஈ, 4ஈ என்று இருக்கிறது. பெண்களுக்கு வழக்கமானது பி, அதற்கு மேல் டி. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் நெருக்கினால், ஒரு அளவு கூட்டி வாங்கிக் குதிகால் வழுக்க விடாதீர்கள், அதே நீளத்தில் அகல ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். குதிகால் லேசாக மட்டும் வழுக்கினால் லேஸைக் கடைசித் துளையில் வளையமாக்கி மாற்றிக் கோத்துக் கட்டுங்கள், மேலே தனியாக இருக்கும் அந்தத் துளை இதற்காகத்தான்.

விற்பனையாளர் சொல்லும் இன்னொரு சொல் டிராப், அதாவது குதிகால் பக்க உயரத்துக்கும் முன்பக்க உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். வழக்கமான ஷூக்களில் 8 முதல் 12 மில்லிமீட்டர். 4க்குக் கீழே போனால் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணுக்கும் மாறும். தவறில்லை, ஆனால் ஒரே வாரத்தில் மாறாதீர்கள், சின்ன ஓட்டங்களில் தொடங்கிச் சில மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் தகடு வைத்த ஷூ வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2017இல் நைக் வேப்பர்ஃபிளை 4% வந்தபோது தொடங்கிய அலை இது. பெயரில் இருக்கும் 4%, ஓடுவதற்கான ஆற்றல் செலவில் ஆய்வகத்தில் கண்ட சேமிப்பு. ஆனால் அந்த ஆய்வில் ஓடியவர்களின் வேகம் மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர். 2:30 ஹாஃப் ஓடுகிறவரின் வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர்கூட இல்லை. 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் செய்த சோதனையில் பலன் 1% அளவுக்கு இறங்கிவிட்டது, சிலருக்குப் பலனே இல்லை. அந்த உயரமான, மெத்தென்ற ஷூ மெதுவாக ஓடும்போது கணுக்காலைத் தள்ளாட வைக்கும், சீக்கிரம் தேயும், விலையும் சாதாரண ஷூவைப்போல இரண்டு மடங்கு. அந்தப் பணத்தில் இரண்டு நல்ல டெய்லி டிரெய்னர், அதாவது தினசரிப் பயிற்சிக்கான ஷூ, வாங்கலாம்.

நான் வாங்கச் சொல்வதும் அதைத்தான். நைக் பெகாசஸ், ஆசிக்ஸ் கியூமுலஸ், புரூக்ஸ் கோஸ்ட், சாக்கனி ரைடு எல்லாம் இந்த வகை. புது மாடல் வந்ததும் போன வருட மாடல் விலை நன்றாக இறங்கும், பெரும்பாலும் பெரிய வித்தியாசமும் இருக்காது, அதை வாங்குங்கள். கையிருப்பு குறைவென்றால் டெகாத்லானின் கிப்ரன் ஷூக்கள் முதல் ஹாஃபுக்குத் தாராளமாகப் போதும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். லக்சம்பர்க்கில் ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. அக்டோபர், நவம்பர் மழையில் ஒன்று நனைந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதும் இருக்கிறது. நனைந்ததை மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். இன்சோலை (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை) வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். அடிப்பக்க ரப்பர் நன்றாக இருக்கும்போதே நடுவில் இருக்கும் நுரை செத்துப்போயிருக்கும், பக்கவாட்டில் ஆழமான சுருக்கங்கள் தெரியும், காரணமில்லாமல் முழங்காலோ கணைக்கால் எலும்போ வலிக்க ஆரம்பிக்கும். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஷூவைப் பதிந்துவைத்தால் அதுவே கிலோமீட்டரை எண்ணிக்கொண்டு வரும்.

போட்டியில் போடப்போகும் ஷூவில் குறைந்தது 50 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும், அதில் ஒன்று லாங் ரன்னாக இருக்க வேண்டும். ஜனவரி போட்டிக்கு நவம்பர் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள், டிசம்பரில் உங்கள் அளவு கடையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் போட்டி எண் அட்டை) வாங்கப் போகும் இடத்தில் தள்ளுபடியில் ஷூ விற்பார்கள். வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள், மறுநாள் காலை மட்டும் அதைப் போட்டு ஓடாதீர்கள்.