பல்ஸ் ஆக்சிமீட்டர்: முதலில் நாடி, பிறகு ஆக்சிஜன்

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்றும் பல வீடுகளில் மருந்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. யாருக்காவது மூச்சு வாங்கினால் அதை எடுத்து விரலில் மாட்டி, ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே ஒளிரும் நாடித்துடிப்பு எண்ணைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நாடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கான காரணம் இக்கருவி பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டக்குவோ அவோயாகி, இரத்தத்தில் செலுத்திய சாயம் நீர்த்துப்போகும் வேகத்தைக் காதுமடலில் ஒளி பாய்ச்சி அளந்து, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணிக்க முயன்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு நாடித்துடிப்பும் அந்த அளவீட்டில் குறுக்கிட்டது. அத்தொல்லையை நீக்க இன்னோர் அலைநீள ஒளியையும் சேர்த்தபோது, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறினால் கணக்கு பிசகுவதைக் கண்ட அவர், தொல்லையாக இருந்த துடிப்பையே அளவுகோலாக்கினார். 1974இல் ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது.

இன்றைய விரல் கருவியும் அதே வழியில்தான் இயங்குகிறது. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. தோல், எலும்பு, சிரை இரத்தம் ஆகியவை விழுங்கும் மாறாத பங்கை ஒதுக்கிவிட்டு, தமனித் துடிப்போடு ஏறி இறங்கும் பங்கை மட்டும் கருவி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே துடிப்பைச் சரியாகப் பிடிக்காத கருவி காட்டும் ஆக்சிஜன் எண்ணை நம்ப முடியாது.

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அகற்ற வேண்டும். கறுப்பு மருதாணி ஒளியைத் தடுக்கக்கூடும் என்பதால் அது படியாத விரலைத் தேர்ந்தெடுக்கலாம். கை சில்லிட்டிருந்தால் விரல்நுனிக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்துவிடும், எனவே தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். நடுவிரலையோ ஆட்காட்டி விரலையோ கருவியின் உள்முனை வரை நுழைத்து, கையை மார்பு உயரத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு, நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனே தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல், அது ஒரு நிமிடமாவது நிலைத்து நிற்கும் வரை காத்திருங்கள். அதற்குள் மறுகையின் மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். கருவியின் நாடி எண் அதோடு ஒத்துப்போகாவிட்டால் வேறு விரலில் மீண்டும் அளக்க வேண்டும்.

திரையைத் தலைகீழாகப் படித்துவிடாமலும் கவனமாக இருக்க வேண்டும். கோடுகளால் ஆன எண்களில் 98ஐத் திருப்பிப் பார்த்தால் 86 என்று தெரியும். நலமாக இருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்ற அது ஒன்றே போதும்.

நலமானவர்களுக்கு ஆக்சிஜன் எண் பொதுவாக 95 முதல் 100 சதவீதம் வரை காட்டும். கருவியின் பிழை இரண்டு மூன்று புள்ளிகள் இருக்கக்கூடும் என்பதால், காலையில் 97, மாலையில் 96 என்பதற்காகக் கலங்க வேண்டியதில்லை. சரியாக அளந்தும் 94க்குக் கீழ் தொடர்ந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். 90க்குக் கீழ் சென்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரையே மருத்துவர் இலக்காக வைப்பதுண்டு, ஆகவே அவர்கள் தங்களுக்குரிய எல்லையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கருமையான தோலில் இக்கருவி உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் கூறுவது நம்மவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. மூடிய அறையில் கரி அடுப்பு அல்லது ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தவரிடம் கருவியை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியதாகவே அது கணக்கிட்டு, 98 என்றுகூடக் காட்டும். மூச்சுத் திணறல், உதடு நீலம் பாரித்தல், குழப்பமான பேச்சு ஆகியவை தெரிந்தால் திரையில் எந்த எண் இருந்தாலும் 108ஐ அழைத்துவிடுங்கள்.