பேட்டரி போகவில்லை, பச்சை பூத்திருந்தது

பழைய வேனில் கட்டில் போட்டு, விளக்குக்கும் சின்ன ஃபிரிட்ஜுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் டியூபுலார் பேட்டரி (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது போன்ற, தண்ணீர் ஊற்றும் வகை) வைத்திருக்கிறேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறையில் தங்கிய அன்று, எட்டு மணிக்கே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது.

பொள்ளாச்சியில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல், "பேட்டரி போச்சுங்ண்ணா, மாத்தீருங்க" என்றார் தம்பி. மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். ஃபிரிட்ஜ் ஓடும்போதே அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பேட்டரி முனையில் 12.4. ஃபிரிட்ஜ் பிளக்கில் 10.7! நடுவில் எங்கேயோ வோல்ட்டேஜ் செத்துக்கொண்டிருந்தது. மீட்டரின் ஒரு ஊசியை நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை அதைக் கவ்விய கிளாம்பிலும் வைத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் நடுவே 1.4 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது.

நெகட்டிவை முதலில் கழற்றினேன். உள்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியது (செல்லுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது, மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்). உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலைன் தடவினேன்.

அப்புறம் தண்ணீர். இரண்டு செல்லில் தகடு வெளியே தெரிந்தது. தகடு மூழ்கும் அளவு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, முழு சார்ஜ் ஏறியபின் மிச்சத்தை நிரப்பினேன். எங்கள் போர் தண்ணீரின் உப்பு பேட்டரிக்கு ஆகாது.

இப்போது ஃபிரிட்ஜ் விடியும்வரை ஓடுகிறது.