பதின்வயதினருக்கு இலவச உடை: எங்கெல்லாம் சறுக்குகிறது?

தற்காலிக வளர்ப்புக் குடும்பங்களிலும் காப்பகங்களிலும் இருக்கும் பதின்வயதினருக்கும், வீடில்லாமல் அலையும் பிள்ளைகளுக்கும் துணி திரட்டும் பலர் முதல் அறிவிப்பிலேயே சறுக்கிவிடுகிறார்கள். "பழைய துணி இருந்தால் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் கைக்குழந்தைத் துணி மூட்டை மூட்டையாக வரும், ஏனென்றால் குழந்தைகளுக்குத் துணி கிழிவதற்கு முன்பே சிறுத்துவிடுகிறது. கூடவே நடுவயதினர் போட்டு அலுத்த அலுவலகச் சட்டைகளும் வரும். பதினைந்து வயதுப் பிள்ளை போடக்கூடிய ஜீன்ஸ் மட்டும் வராது. அந்த வயதில் பிடித்த உடையை நைந்து போகும்வரை போடுகிறார்கள். கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அதனால் பொருளையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள்: "இடுப்பு 28 முதல் 36 அங்குல ஜீன்ஸ், எம் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஹூடி. குழந்தைத் துணி இப்போது வேண்டாம்." பெரிய அளவுகளைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். வந்தவர்கள் கேட்டும் கிடைக்காமல் போனதை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த அறிவிப்பு அதிலிருந்தே எழுந்துவிடும். உள்ளாடை, பிரா, சாக்ஸ் மூன்றுக்கும் துணியாகக் கேட்காமல் பணமாகக் கேளுங்கள். இவற்றைப் புதிதாக, பிரிக்காத உறையோடுதான் தர வேண்டும். துவைத்துச் சுத்தமாக இருந்தாலும் இன்னொருவர் போட்ட உள்ளாடையைக் கொடுப்பது அவமானப்படுத்துவதாகத்தான் முடியும்.

அடுத்த தவறு, வயதை வைத்து அளவை முடிவு செய்வது. வளர்ச்சி வேகம் பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் உச்சத்தில் இருக்கும். அப்போது ஓர் ஆண்டிலேயே 8 முதல் 10 செ.மீ. வரை உயரலாம். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவருக்குச் சிறுவர் அளவும் மற்றவருக்குப் பெரியவர்களின் எல் அளவும் பொருந்துவது சாதாரணம். மார்பு, இடுப்பு, பிட்டம் ஆகியவற்றின் சுற்றளவு, காலின் உள்நீளம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். துணியில் தைத்திருக்கும் லேபிளையும் நம்ப வேண்டாம். 30 என்று எழுதிய ஜீன்ஸ் ஒரு நிறுவனத்தில் 30 அங்குலம், இன்னொன்றில் 32. பட்டனைப் போட்டு மேசைமேல் தட்டையாக விரித்து, இடுப்புப் பட்டியை ஓரத்திலிருந்து ஓரம் அளந்து இரண்டால் பெருக்கி, அந்த எண்ணை நீங்களே சீட்டில் எழுதித் தொங்கவிடுங்கள். ஷூ எண் நாட்டுக்கு நாடு மாறும். நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் செ.மீ.யில் அளந்து, நீளமான பாதத்தோடு சுமார் 1 செ.மீ. கூட்டினால் ஷூவின் உள்நீளம் கிடைத்துவிடும்.

தரம் பிரிக்கும் மேசையில் நல்ல வெளிச்சம் வேண்டும். அக்குள், காலர், கவட்டுத் தையல் மூன்றையும் பாருங்கள். ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். பைகளுக்குள் கைவிடும்முன் தடித்த கையுறை போடுங்கள்; ஊசி, பிளேடு, அடையாள அட்டை எதுவும் கிடக்கலாம். எலாஸ்டிக்கை இழுக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் அது செத்துப்போன எலாஸ்டிக். பல ஆண்டு அலமாரியில் இருந்த ஷூ புதிதுபோல் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதைகிறது. காலில் போட்டு நடந்த பிறகுதான் துண்டு துண்டாக உதிரும். வளைத்துப் பார்த்து, விரிசல் தெரிந்தால் ஒதுக்குங்கள்.

கொடுக்கலாம், கூடாது என்ற இரண்டு குவியல்களோடு "தைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு மூன்றாவது குவியலும் எப்போதும் உருவாகும். அறையை அடைப்பது அதுதான். பட்டன், ஓரத் தையல் தவிர வேறெதுவும் அதில் சேர வேண்டாம். தேதி எழுதி வைத்து, இரண்டு வாரத்தில் யாரும் தைக்காவிட்டால் மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுங்கள்.

மூட்டைப்பூச்சி ஒரு பையில் வந்தால் போதும், அறை முழுக்கப் பரவிவிடும். வரும் பைகளைக் கட்டியபடியே தனியாக வையுங்கள். ட்ரையரில் அதிக வெப்பத்தில் 30 நிமிடம் ஓடவிட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். வெப்பம் தாங்காத துணியை -18 டிகிரி உறைபெட்டியில் குறைந்தது 4 நாள் வைக்கலாம். அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள நாப்தலீன் வாடை துவைத்தாலும் எளிதில் போகாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. ஈரம் முழுதாகக் காயாத துணியை பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் நிச்சயம்.

வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவருக்கும் தெருவில் தூங்குபவருக்கும் ஒரே மூட்டையைக் கொடுப்பதும் தவறுதான். தெருவில் இருப்பவருக்குத் துவைக்க இடமில்லை, வைக்க அலமாரியில்லை. நிறைய கொடுத்தால் சுமக்க முடியாமல் விட்டுப் போவார். தடித்த ஜீன்ஸ் நனைந்தால் எளிதில் காயாது. ஈரப் பருத்தி உடல் சூட்டையும் காக்காது. சீக்கிரம் உலரும் மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடும்படி தாருங்கள், அழுக்குத் தெரியாத நிறத்தில். கூடவே மழை தாங்கும் மேலங்கி ஒன்றும், தேவைக்கு மேலேயே சாக்ஸும். குடும்பம் விட்டுக் குடும்பம் மாற்றப்படும் பிள்ளைக்கு வேறு தேவை: பள்ளி உடை, நேர்காணலுக்கு ஒரு நல்ல சட்டை, எல்லாவற்றையும் போட்டுச் செல்ல உறுதியான முதுகுப்பை. உடைமைகளைக் குப்பைப் பையில் கட்டி இடம் மாறுவது அந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லும் வலி. நீங்களும் துணியைக் குப்பைப் பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். பையில் அமைப்பின் பெயரும் வேண்டாம்.

எங்கள் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அவர்களுக்காக நாமே தேர்ந்தெடுப்பது. பொட்டலமாகத் தரலாம், நள்ளிரவில் வெறுங்கையோடு வந்து சேரும் பிள்ளைக்கு மட்டும். அதற்கென அளவுவாரியாகச் சில பொட்டலங்கள் தயாராக இருக்கட்டும். மற்றபடி ஹேங்கரில் தொங்கவிட்டு அளவுப்படி வரிசைப்படுத்துங்கள், ஆண் பெண் என்று பிரிக்காமல். முழு நீளக் கண்ணாடியும், உள்ளிருந்து தாழிடும் உடைமாற்றும் அறையும் கட்டாயம். கூட வந்த பெரியவரிடம் "இவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்காமல் அவனிடமே கேளுங்கள். பழைய நிகழ்ச்சிகளின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட்டை எடுத்து வைத்துவிடுங்கள். போட்டுக்கொண்டு போனால் தானம் என்று பார்த்தவுடன் தெரியும்.

புகைப்படம் வேண்டவே வேண்டாம், முதுகுப்பக்கமாக எடுத்தாலும். பாதுகாப்புக்காக இருப்பிடம் மறைக்கப்பட்ட பிள்ளையை ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். நன்கொடையாளருக்குக் காட்ட, அடுக்கி வைத்த துணியின் படம் போதும். அடையாள ஆவணம் கேட்டால் தெருவில் இருப்பவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அளவையும் அழைக்க ஒரு பெயரையும் மட்டும் கேளுங்கள்.

ஒருவருக்கு இத்தனை என்று வரம்பு வைப்பதில் தவறில்லை. ஆனால் சாக்ஸையும் உள்ளாடையையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறைதான் என்ற விதி வளரும் பிள்ளைக்கு ஒத்துவராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரட்டும்; சிறுத்துப்போன ஜீன்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கொண்டுவராவிட்டால் கேட்காதீர்கள்.