பழைய பித்தளை ஊதுகருவிகள்: வாங்கும்போதும் பதிவு செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ட்ரம்பெட், கார்னெட், டிராம்போன் போன்றவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கண்ணை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கோ கருவியின் பளபளப்பு ஒரு பொருட்டே இல்லை. அலமாரியில் அழகாக நின்ற கருவி பதிவு நாளன்று கைவிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

அதிகப் பணத்தை வீணாக்கும் தவறு, சுருதியைச் சோதிக்காமல் வாங்குவதாகும். 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு ‘ஏ’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவைப் பரிந்துரைத்த பிறகும், பிரிட்டனின் பித்தளை இசைக்குழுக்கள் 1960-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸ் என்ற உயர்சுருதியிலேயே வாசித்து வந்தன. இந்த வேறுபாடு பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவில் கிட்டத்தட்டப் பாதி. சுருதிக் குழாயை வெளியே இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். அதை நம்ப வேண்டாம். பரவலாகப் புழங்கும் பி-பிளாட் ட்ரம்பெட்டின் குழாய் நீளம் ஏறக்குறைய 137 செ.மீ.; சுருதியை இவ்வளவு இறக்க அதில் ஏறத்தாழ 4 செ.மீ. கூட்ட வேண்டும். முதன்மைக் குழாய் நீண்டுவிட்டாலும் வால்வுகளின் துணைக்குழாய்கள் பழைய நீளத்திலேயே நிற்பதால், வால்வை அழுத்தி எழுப்பும் சுரங்கள், குறிப்பாக முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்ந்து வருபவை, மேலேறிப் பிசகும். அமெரிக்கக் கருவிகளில் ‘எச்.பி.’ என்ற முத்திரை உயர்சுருதியையும், ‘எல்.பி.’ என்பது இன்றைய 440-ஐ ஒட்டிய தாழ்சுருதியையும் குறிக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாயோடு விற்கப்பட்ட கார்னெட்டுகளும் உண்டு. அவற்றில் தாழ்சுருதிக் குழாய் தொலைந்திருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே விலை பேச வேண்டும்.

அடுத்தது, பழுப்பேறிய மேற்பூச்சைச் சுரண்டி மெருகேற்றுவது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. மெருகுச் சக்கரம் அழுக்கோடு உலோகத்தையும் தேய்த்துவிடும். செதுக்கு வேலைப்பாடு மங்கும், குழாய்ச் சுவர் மெலியும், இழந்ததை மீட்க வழியே இல்லை. அதே வேளையில், கவலைப்பட வேண்டிய கறையைப் பலர் கவனிப்பதில்லை. மவுத்பீஸை (உதட்டை வைத்து ஊதும் முனையை) அடுத்த குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளியும் அதன் நடுவே கரும்பொட்டும் தெரிந்தால், வாயின் ஈரம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்து, செம்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்று பொருள். அது உள்ளிருந்து வெளியே வரும் அரிப்பு, துடைத்தால் போகாது.

இறுகிக்கொண்ட மவுத்பீஸை இடுக்கியால் முறுக்கக் கூடாது. அது செருகியிருக்கும் குழாயே முறுகிவிடும். அதற்கென உள்ள இழுப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். தேய்ந்த வால்வுகளுக்கு மெல்லிய எண்ணெயைவிடச் சற்றுத் தடித்த எண்ணெயே காற்றுக் கசிவைக் குறைக்கும்.

பதிவறையில் நேரும் தவறுகளில் முதலாவது, குளிர்ந்த கருவியில் சுருதி சேர்ப்பது. குழாய்க்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவில் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்). இடைவேளைக்குப் பின் எடுத்த பதிவு முன்னதோடு ஒட்டாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பிரெஞ்சு ஹார்னுக்கு மைக் வைப்பதில்தான் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். ஹாலிவுட் பதிவுக்கூடங்களில் பெயர்பெற்ற கான் 8டி போன்ற அருமையான பழைய ஹார்னைக் கொண்டுவந்து, ஒலி வெளிவரும் அதன் அகன்ற வாயருகே மைக்கை நிறுத்தினால், மூச்சிரைச்சலும் கரகரப்பும்தான் பதிவாகும். ஹார்னின் வாய் பின்னோக்கி இருப்பதால், சுவரில் பட்டுத் திரும்பிய பிறகே அதன் ஒலி முழுமை பெறுகிறது. ஆகவே வாசிப்பவரின் பின்னால் இருக்கும், ஒலியை உறிஞ்சும் பஞ்சுத் தட்டிகளை அகற்றி, அங்கே மரப்பலகை ஒன்றை நிறுத்தி, மைக்கை அவருக்கு முன்னால் சில அடி தள்ளித் தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள்.