பார்டர் கோலியா, கிரேஹவுண்டா? உங்கள் வீட்டுக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதன்முறையாக நாய் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் உடலளவை வைத்தே இனத்தை முடிவு செய்கிறார்கள். சிறிய நாய் என்றால் சிறிய வீடு போதும், ஓட்டத்துக்குப் பேர்போன நாய் என்றால் மைதானமே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்துப்போகும் என்பதற்கு இந்த இரண்டு இனங்களே போதும். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி சுமார் 14 முதல் 20 கிலோ வரை எடை இருக்கும். பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்ட் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. ஆயினும் வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பதற்குக் கடினமானது சிறியதுதான்.

முதல் படி: உங்கள் ஒரு வாரத்தை எழுதுங்கள்

நாய்களின் படங்களைப் பார்ப்பதற்கு முன்பு, கடந்த வாரம் எந்தெந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் உண்மையில் ஓய்வாகக் கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாய் வந்ததும் விடியற்காலையில் எழுந்து நடப்பேன் என்பது போன்ற உறுதிமொழிகளுக்கு இந்தத் தாளில் இடமில்லை. பல ஆண்டுகள் உங்களுடன் வாழப்போகும் நாய்க்குக் கிடைப்பது நீங்கள் இன்று வாழும் நாள்தானே தவிர, வாழ நினைக்கும் நாள் அல்ல.

இரண்டாம் படி: அந்த இனம் எந்த வேலைக்காக உருவானது என்று பாருங்கள்

முடிவைத் தீர்மானிக்கும் படி இதுதான். பார்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதிகளில், மேய்ப்பரின் சீழ்க்கை ஒலியைக் கேட்டு நாள் முழுவதும் ஆடுகளை மடக்கித் திருப்பும் வேலைக்காக வளர்க்கப்பட்ட இனம். நீண்ட நேரம் ஓடும் உடல் வலு மட்டுமன்றி, ஓடிக்கொண்டே கட்டளைகளைப் புரிந்துகொண்டு தானாகவும் முடிவெடுக்கும் கூர்மையும் அதற்குத் தேவைப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜான் பில்லி வளர்த்த சேசர் என்னும் பார்டர் கோலி, 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் அடையாளம் கண்டு எடுத்து வந்தது. இதைப் படிப்பவர்கள் அந்த நாயின் அறிவை மெச்சுவார்கள்; அதற்குப் பின்னால் மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரப் பயிற்சி இருந்தது என்பதைக் கவனிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மூளைக்கு நீங்கள் வேலை கொடுக்காவிட்டால், சோபாவைப் பிரித்துப் பார்ப்பது, நிழலைத் துரத்துவது, கதவடியிலேயே சுற்றிச்சுற்றி வருவது என்று அது தானே வேலை தேடிக்கொள்ளும்.

கிரேஹவுண்ட் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது என்றாலும், அந்த வேகம் சிறிது தொலைவுக்குத்தான். துரத்தல் முடிந்ததும் படுத்துவிடும். ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். அன்றாடம் ஓரிரு முறை நிதானமான நடை, அவ்வப்போது பாதுகாப்பான இடத்தில் ஓர் ஓட்டம் ஆகியவை இருந்தால் பெரும்பாலானவை நிறைவாக இருக்கும். உங்கள் தாளில் ஓய்வு நேரம் குறைவாக இருந்தால், என் பரிந்துரை தயக்கமின்றி இதுவே.

மூன்றாம் படி: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

பார்டர் கோலி உள்ள வீட்டில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுவதைச் சற்றுக் கவனியுங்கள். நாய் தலையைத் தாழ்த்தி, வயிறு தரையில் உரச, கண் இமைக்காமல் குழந்தையையே பார்த்தபடி பதுங்கி நகரும். குழந்தை ஓடத் தொடங்கியதும் வளைந்து ஓடி எதிரே வந்து மறிக்கும், சில வேளைகளில் குதிகாலையும் மெல்லக் கடிக்கும். அது கோபத்தில் செய்வதன்று. ஆடுகளிடம் செய்வதைத்தான் செய்கிறது. பயிற்சியால் இதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்குப் பெரியவர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும்.

கிரேஹவுண்டிடம் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆழ்ந்து தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டு உறுமும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு என்பதால், பெயர் சொல்லி எழுப்பிய பின்பே தொட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் பூனையோ முயலோ இருந்தால், சிறு பிராணிகளுடன் பழகிய கிரேஹவுண்டைத்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: கழுத்துப்பட்டையும் வேலியும்

கிரேஹவுண்டின் கழுத்தும் தலையும் ஏறத்தாழ ஒரே அகலம். சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், நாய் பின்வாங்கித் தலையைக் குனிந்தால் நழுவிக் கழன்றுவிடும். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் என்னும் அகலமான பட்டையே இதற்குப் பொருத்தம். வேலியில்லாத வெளியில் கிரேஹவுண்டை அவிழ்த்துவிடவே கூடாது. தொலைவில் ஏதோ ஓடுவதைப் பார்த்துவிட்டால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. பார்டர் கோலி கூப்பிட்டால் திரும்பக் கற்றுக்கொள்ளும். ஆனால் ஓடும் வாகனங்களையும் மடக்கப் பார்க்கும் என்பதால் சாலையோரத்தில் அதையும் வாரில் பிடித்தே நடத்துங்கள்.

ஐந்தாம் படி: உடல்நலமும் பராமரிப்பும்

பார்டர் கோலியின் அடர்ந்த இரட்டை ரோமத்தை வாரத்தில் சில முறை சீவ வேண்டும். கண்களைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடு இவ்வினத்தில் காணப்படுவதால், தாய் தந்தை நாய்களின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கிரேஹவுண்டின் மெல்லிய தோலும் கொழுப்புக் குறைந்த உடலும் குளிரையும் கடினமான தரையையும் தாங்கா, மெத்தை அவசியம். சில மயக்க மருந்துகள் அதன் உடலை விட்டு மெதுவாகவே நீங்கும் என்பதால், இனத்தை நன்கறிந்த கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

ஆறாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்கு வீட்டார் அனைவரும் சென்று சில மணி நேரம் இருங்கள். குட்டி எல்லா இனத்திலும் அழகாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுப்பதாக இருந்தால், அது பந்தய நாய்க் கூடத்திலேயே வளர்ந்து, மாடிப்படியையும் கண்ணாடிக் கதவையும் பார்த்தே இராமல் இருக்கக்கூடும். வருவதற்கு முந்தின நாளே, கண்ணாடிக் கதவில் நாயின் கண் உயரத்துக்கு நான்கைந்து வண்ணக் காகிதத் துண்டுகளை ஒட்டி வையுங்கள். மாடிப்படியில் முதல் சில நாள்கள் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்று, ஒவ்வொரு படியாக ஏற்றிப் பழக்குங்கள்.